உதிரி: மாரிகுப்பத்தின் கைவிடப்பட்ட எந்திரங்களும் மீட்டெடுப்பின் இலக்கணமும்

தமிழில் 'உதிரி' என்னும் சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது. பூக்கடையில் அது சரமாகத் தொடுக்கப்படாத பூ. வண்டிப் பட்டறையில் அது எந்திரத்தின் தனிப் பாகம். தொழிலாளர் பற்றிய எழுத்தில் அது, நிலையான ஆலை வேலை இல்லாமல் கிடைத்த வேலையைச் செய்து பிழைக்கும் மனிதர்: உதிரித் தொழிலாளர். மூன்றுக்கும் அடிச்சொல் ஒன்றே, உதிர்தல். அது தன்வினை. இலை உதிர்கிறது, மயிர் உதிர்கிறது, சுவரின் காரை உதிர்கிறது. செய்தவர் யார் என்ற கேள்விக்கு அவ்வினையில் இடமில்லை. 'உதிர்த்தல்' என்ற பிறவினை மொழியில் இருக்கவே செய்கிறது. ஆனால் 'உதிரி' என்ற பெயர்ச்சொல்லைக் கேட்கும்போது யாரும் உதிர்த்தவரைத் தேடுவதில்லை.

எந்திரத்தின் பாகமோ இலையைப் போலத் தானாக விழுவது அரிது. ஒரு கை திருகைத் தளர்த்துகிறது, இன்னொரு கை பாகத்தைத் தாங்கிக்கொள்கிறது. பட்டறை மொழி இதை அறியும். 'கழன்றுவிட்டது' என்பதற்கும் 'கழற்றியாயிற்று' என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பயிற்சிக்கு வந்த சிறுவன்கூட முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறான். முன்னது பழுது, பின்னது பணி. கோலார் தங்கவயலின் எந்திரங்களுக்கு 2001க்குப் பின் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த எளிய இலக்கண வேறுபாடு தேவைப்படுகிறது.

பழைய கார் ஒன்றை மீட்டெடுப்போர் கைவிடப்பட்ட இன்னொரு காரிலிருந்து பாகங்களைக் கழற்றும் வழக்கத்திலிருந்து தொடங்கலாம். தமிழகத்திற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1948இல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை அடியொற்றி 1961 முதல் இக்காரைத் தயாரித்தது. 1980களின் இறுதியில் நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றுபோனது. அதன்பின் ஹெரால்டுக்கு உதிரி பாகம் தரும் ஆலை நாட்டில் இல்லை. ஓடும் ஹெரால்டு ஒன்றுக்குத் தேவையான பாகம், பெரும்பாலும் ஓடாத இன்னொரு ஹெரால்டின் உடலிலிருந்தே வரவேண்டியிருந்தது. அந்தக் காரின் அமைப்பும் இதற்கு இசைவானது. தனியான அடிச்சட்டத்தின் மேல் உடற்பகுதிகள் திருகாணிகளால் பொருத்தப்பட்டவை. வெட்டாமல், ஒட்டாமல், கழற்றி மாட்டலாம்.

இவ்வாறு ஒன்றைக் கொண்டு ஒன்றை உயிர்ப்பிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, உடன்பிறப்பு: அதே வகையைச் சேர்ந்த இன்னொரு எந்திரம் எங்கேனும் கிடக்க வேண்டும். இரண்டாவது, எண்: அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட எண்கள் பதிவேட்டோடு பொருந்த வேண்டும், எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, கை: கழற்றும் வரிசையையும் மாட்டும் வரிசையையும் அறிந்தவர் உயிரோடு இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பாகம் மீண்டும் இரும்பாகிவிடும். அதன் விலை எடைக்கணக்கில் மட்டுமே சொல்லப்படும். பழைய வாகன ஆர்வலர்களின் உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பாதுகாத்தல், மீட்டெடுத்தல், பழுதுபார்த்தல் ஆகியவற்றை வேறுபடுத்தும் அச்சாசனம், செய்த வேலை ஒவ்வொன்றையும் பதிவுசெய்வதை மையக் கடமையாக வைக்கிறது. இந்தியாவிலும் 2021இல் வந்த விதிகள், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியையே பழம்பெரும் வாகனமாக ஏற்கின்றன. பொருள் மட்டும் எஞ்சினால் போதாது. அப்பொருளின் வரலாறும் உடன் எஞ்ச வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

இனி மாரிகுப்பம்.

பங்காருப்பேட்டையில் பிரியும் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது. 1894இல் திறக்கப்பட்ட அப்பாதை பயணிகளுக்காக மட்டும் போடப்பட்டதன்று. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880 முதல் நடத்திவந்த சுரங்கங்களுக்கு நிலக்கரி, மரம், எந்திரம் ஆகியவற்றைக் கொண்டுவந்து இறக்குவதே அதன் முதன்மைப் பணி. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்னும் பெரிய சுரங்கங்களுள் மைசூர்ச் சுரங்கத்தின் நிலப்பகுதியே மாரிகுப்பம். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தலித் மக்களே நிலத்தடி உழைப்பின் பெரும்பகுதியைச் சுமந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலின் தொழிலாளர் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

பாறையைத் தோண்டுவது பணியின் ஒரு பகுதியே. மனிதரையும் பாறையையும் குழியிலிருந்து மேலேற்றும் சுழலெந்திரம், கம்பிவடம், கூண்டு, குழியின் வாயில் நிற்கும் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் சுழலும் சக்கரம், நீரை இறைக்கும் பம்புகள், காற்றை அழுத்தும் எந்திரங்கள், பாறையை இடித்துத் தூளாக்கும் ஆலை, தூளிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடுத் தொட்டிகள் எனத் தரைக்கு மேலும் கீழும் ஓர் எந்திர நகரம் இயங்கியது. சாம்பியன் ரீஃபில் ஆழம் 3 கிலோமீட்டரைக் கடந்தது. அந்த ஆழத்தில் பம்பு நின்றால் நீர் ஏறும். காற்று நின்றால் வெப்பம் ஏறும். ஆகவே பழுதுபார்ப்பு அங்கே ஓய்வுநேர வேலையன்று, உயிர்காக்கும் வேலை. கடைசல் பிடிப்பவர், கொல்லர், பொருத்துநர், வடம் பின்னுபவர் ஆகியோரின் திறன் தோண்டுபவரின் திறனுக்கு இணையாக மதிக்கப்பட வேண்டியது. தங்கவயலைப் பற்றிய பொது எழுத்துகளில் அது அரிதாகவே மதிக்கப்பட்டது.

இந்த எந்திர நகரத்திற்குத் தனித்ததொரு மின்சாரமும் இருந்தது. 1902 ஜூன் 30 அன்று காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் பாயத் தொடங்கியது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட அந்த மின்தடம், அன்று உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று. பெங்களூரின் தெருவிளக்குகள் அதே மின்சாரத்தைப் பெற்றது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தே. சிவசமுத்திரத்து மின்சாரம் தொடக்கத்தில் நொடிக்கு 25 சுழற்சி கொண்டதாக இருந்தது. நயாகரா அருவியின் முதல் பெரிய மின்நிலையமும் அந்த 25 சுழற்சியையே தேர்ந்திருந்தது. பின்னர் இந்தியா முழுதும் நிலைபெற்றதோ 50 சுழற்சி.

மீட்டெடுப்பின் நோக்கில் இவ்வேறுபாடு பெரிது. மாறுமின் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் சுழற்சியைப் பொறுத்தது. நான்கு துருவ மோட்டார் ஒன்று 25 சுழற்சியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 750 முறை சுழலும். அதையே 50 சுழற்சியில் இணைத்தால் 1,500 முறை சுழல முற்படும். அதனோடு பூட்டப்பட்ட பம்போ சுழலெந்திரமோ அவ்வேகத்திற்கு வடிவமைக்கப்பட்டதன்று. எனவே 25 சுழற்சிக்கென வார்க்கப்பட்ட மோட்டாருக்கு அதற்குரிய வயலுக்கு வெளியே வாங்குவோர் குறைவு. அதன் உதிரி பாகம் உடன்பிறந்த இன்னொரு மோட்டாரிலிருந்து வர வேண்டும். அல்லது உள்ளூர்ப் பணிமனையில் புதிதாகச் செய்யப்பட வேண்டும். ஹெரால்டுக்கு ஆலை மூடியபின் வந்த நிலை இத்தகைய எந்திரங்களுக்குப் பிறப்பிலேயே இருந்தது. இயங்கும்வரை அவற்றுக்கு ஈடில்லை. நின்ற மறுநாள் அவற்றின் மதிப்பு அவற்றுள் சுற்றியிருக்கும் செம்புக்கம்பியின் எடை மட்டுமே.

அந்த மறுநாளும் வந்தது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் ஒன்றிய அரசின் கைக்கும் மாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனமாயின. தாது மெலிந்தது, ஆழம் கூடியது, ஒரு கிராம் தங்கத்தை எடுக்கும் செலவு அதன் விலையை மீறியது. 2001 பிப்ரவரி 28 அன்று பணி நிறுத்தப்பட்டது. பம்புகள் நின்றன, நிலத்தடி நீர் ஏறி ஆழ்தளங்களை மூடியது. அங்கிருந்த தண்டவாளங்களும் வண்டிகளும் பம்புகளும் நீருக்குள் போயின. தரைக்கு மேல் நின்றவை வெயிலுக்கும் மழைக்கும் விடப்பட்டன.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி ஊரில் பேசப்படும் முறையில்தான் இலக்கணம் தொழிற்படுகிறது. கம்பிவடம் 'காணாமற் போயிற்று'. மோட்டாரின் செம்பு 'போய்விட்டது'. கட்டடத்தின் கதவும் சன்னலும் 'உதிர்ந்துவிட்டன'. எல்லாம் தன்வினை வாக்கியங்கள். எழுவாயாக நிற்பது பொருள், மனிதரல்லர். அரசின் அறிக்கை மொழியும் இதே வேலையைச் செய்கிறது: 'சிதிலமடைந்தது', 'பயனற்றதாயிற்று'. கழற்றியவர் யார், எந்த உரிமையில், யாருக்கு விற்றார், எந்த ஏட்டில் எழுதினார் என்னும் கேள்விகள் இவ்வாக்கியங்களுக்குள் நுழைய முடியாது. மக்கள் பேச்சிலுள்ள தன்வினைக்கு ஒரு நியாயம் உண்டு. அது அண்டைவீட்டாரைக் காட்டிக்கொடுக்க விரும்பாத நாகரிகம். நிர்வாகத்தின் தன்வினைக்கு அந்த நியாயம் இல்லை. அது காவலர் வைக்காததையும் பட்டியல் எடுக்காததையும் இயற்கையின் மேல் ஏற்றிவிடுகிறது.

கழற்றப்பட்ட இரும்பு சென்று சேரும் இடத்திற்குத் தமிழில் 'காயலான் கடை' என்று பெயர். பழைய இரும்பு வணிகத்தில் ஈடுபட்ட காயல்பட்டினத்தாரோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவது பரவலான வழக்கு. அக்கடையின் தராசு ஒரு வகையில் சமத்துவமானது: நூறாண்டு பழமையான வார்ப்பும் நேற்றைய தகரமும் ஒரே தட்டில் ஏறும். அங்கே பெயருக்கு விலையில்லை. ஆகவே பாகம் தராசில் ஏறும் கணத்தில் அழிவது பொருள் மட்டுமன்று. அது எந்த எந்திரத்தின் எந்த உறுப்பு என்ற செய்தியும் அழிகிறது. பின்னாளில் யாரேனும் அருங்காட்சியகம் அமைக்க முன்வந்தாலும், அதே சக்கரம் மீண்டும் கிடைத்தாலும்கூட, அதை எங்கே மாட்டுவது என்று சொல்ல ஏடு இராது.

இரும்பு எடுத்தவர்களை வெறும் திருடர்களாகக் காண்பது வரலாற்றுக்கு உதவாது. மூடலின்போது வேலையிழந்தோருக்கு மாற்றுத் தொழில் ஊரில் இல்லை. நிலுவைத் தொகைக்கான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. மூன்று, நான்கு தலைமுறைகள் அந்த எந்திரங்களின் அடியில் நுரையீரலைத் தேய்த்தவர்களின் பேரர்களுக்கு அந்த இரும்பின் மேல் சட்டம் எந்த உரிமையையும் தரவில்லை. கைவிடப்பட்ட குழிகளுக்குள் இறங்கி, காற்றின்றி மூச்சுத்திணறி இறந்தோரைப் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்துள்ளன. காற்றோட்ட எந்திரம் நின்ற குழியில் காற்று தேங்கும் என்பது முந்தைய தலைமுறைத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தெரிந்த பாடம். கையின் அறிவு அறுபட்டதன் விலை இங்கே உயிராகக் கொடுக்கப்பட்டது.

ஆக, 'உதிரி'யின் மூன்றாம் பொருள் மாரிகுப்பத்தில் நிறைவுற்றது. விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டிகள் ஆயிரக்கணக்கானோரைப் பெங்களூருக்கு ஏற்றிச்சென்று இரவில் திரும்பக் கொண்டுவருகின்றன. எந்திரங்களைக் கொண்டுவரப் போட்ட பாதை, எந்திரங்கள் போனபின், மனிதரைக் கூலிக்குக் கொண்டுசெல்கிறது. சுரங்கத்தில் பொருத்துநராக இருந்தவரின் மகன் நகரத்தில் காவலாளியாகவோ விற்பனையாளராகவோ வேலை செய்கையில், அந்தக் குடும்பத்தின் கையறிவு தனியே கழன்று விழுந்த பாகமாகிறது. மாட்டுவதற்கு எந்திரம் இல்லை.

இது தவிர்க்க முடியாததா? பெரம்பூரிலிருந்து ஒரு மறுமொழி உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட 'ஃபேரி குவீன்' நீராவி எஞ்சின் 1909இல் ஓய்வுபெற்றது. ஹௌரா நிலையத்தின் வெளியே பல ஆண்டுகள் நின்றது. பின்னர் தில்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஏறக்குறைய ஒன்பது பத்தாண்டுகள் ஓடாமலிருந்த அதனைப் பெரம்பூர் லோகோ பணிமனை மீட்டெடுத்து 1997இல் ஓடச்செய்தது. பின்னர் அதன் பாகங்கள் பல களவுபோயின. 2011இல் மீண்டும் அதே பணிமனைக்கு வந்து, புதிய பாகங்கள் செய்யப்பட்டு, 2017இல் மீண்டும் தண்டவாளம் ஏறியது. களவு அங்கும் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வேறுபாடு பொருளின் பாதுகாப்பில் இல்லை. கழன்றதைத் திரும்பச் செய்யத் தெரிந்த கைகள் ஒரே கூரையின் கீழ் சம்பளத்தோடு இருந்ததில் இருக்கிறது. தங்கவயலில் எந்திரம் களவுபோவதற்கு முன்பே அக்கூரை கலைக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு மறுமொழி மாரிகுப்பத்திலேயே உண்டு. அது இரும்பைப் பற்றியதன்று, தாளைப் பற்றியது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கும், அவர் முன்னெடுத்த பௌத்த இயக்கத்திற்கும் தங்கவயல் வலுவான களமாக இருந்தது. மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்தபின் நலிந்த அவ்விதழ், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை சிறு நூல்களாக வெளியிட்டது. இதழ் நின்றபின் அதன் பிரதிகள் தனிமனிதர்களின் பெட்டிகளில் ஒதுங்கின. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது, தமிழ் அறிவுலகம் ஏறத்தாழ மறந்துவிட்ட ஒரு சிந்தனையாளர் முழு உருவில் திரும்பிவந்தார்.

இதுவும் உதிரிகளைக் கோத்து எழுப்பிய மீட்டெடுப்பே. இங்கே மூன்று நிபந்தனைகளும் கூடியிருந்தன. ஒரே இதழின் பிரதி ஒரு வீட்டில் சிதைந்தால் இன்னொரு வீட்டில் கிடைக்கலாம், அது உடன்பிறப்பு. ஒவ்வோர் இதழும் தன் நாளையும் எண்ணையும் தலையில் சுமந்தது. எந்தக் கட்டுரை எதற்குப் பின் வந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அவற்றைப் படிக்கவும் மதிக்கவும் தெரிந்தவர்கள் தலைமுறைகளைக் கடந்து இருந்தனர். கூலி வாங்கிய நாளில் ஒரு பைசா கொடுத்து இதழ் வாங்கி, படித்தபின் எறியாமல் பெட்டியில் வைத்தவரின் செயல், பட்டியல் எடுக்காமல் கோடிக்கணக்கான மதிப்புள்ள எந்திரங்களை விட்டுச்சென்ற நிர்வாகத்தின் செயலைவிட வரலாற்றுணர்வு மிக்கது.

இவ்வொப்பீடு இன்று ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. தங்கவயலின் அடையாளமாக நிற்கும் சயனைடு மேடுகளில் இன்னும் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் முன்மொழிவுக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது, 1,003.4 ஏக்கரில் பரந்த 13 மேடுகள் அதில் அடங்கும். மேடுகளில் எத்தனை டன் மண் உண்டு, ஒரு டன்னில் எவ்வளவு தங்கம் உண்டு என்பதெல்லாம் கணக்கிடப்பட்டுவிட்டன. அதாவது, கழிவாகக் கொட்டப்பட்ட மண்ணுக்குப் பட்டியல் உண்டு. எஞ்சிநிற்கும் கோபுரங்களுக்கும், சுழலெந்திரக் கூடங்களுக்கும், அவற்றுள் மிஞ்சிய பாகங்களுக்கும் பொதுமக்கள் காணத்தக்க அத்தகைய பட்டியல் தேவை.

அப்பட்டியலின் முதற்பகுதி பொருள்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். இரண்டாம் பகுதி சொற்களாக இருக்க வேண்டும். மூடலின்போது நாற்பது வயதினராக இருந்த தொழிலாளி இன்று அறுபத்தைந்தைக் கடந்தவர். சுழலெந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அவர் எந்தப் பெயரால் அழைத்தார், எந்த ஒலியைக் கேட்டு வடத்தின் தேய்மானத்தை அறிந்தார், மணி எத்தனை முறை அடித்தால் கூண்டில் ஆள் வருகிறார், எத்தனை முறை அடித்தால் பாறை வருகிறது என்பன அவர் நினைவில் மட்டுமே உள்ளன. ஆங்கிலமும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உராய்ந்து உருவான அத்தொழில்மொழிக்கு அகராதி இல்லை. கைவிடப்பட்ட காரிலிருந்து பாகத்தைக் கழற்றும் தேர்ந்த கைவினைஞர், கழற்றுவதற்கு முன் அதற்கு ஒரு சீட்டைக் கட்டி அதில் பெயரை எழுதுவார். தங்கவயலில் அந்தச் சீட்டை எழுதக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மொழியியல், வரலாறு, பொறியியல் துறைகளின் மாணவர்கள் சேர்ந்து சென்று அவர்களிடம் கேட்டு எழுத வேண்டிய பணி இது. பத்தாண்டுகள் கழித்துச் செய்யக்கூடியதன்று.